ரோஸ்டர் போட்டது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரிகள்ல வேலை பாக்குற பெண்களோட பாதுகாப்பு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். சிசிடிவி வைக்கணும், கேட்ல செக்யூரிட்டியை ஜாஸ்தி பண்ணணும், இருட்டா இருக்குற வராண்டால லைட் போடணும்னு எழுதியிருந்தாங்க. எல்லாம் வேண்டியதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா 34 வருஷம் நர்ஸா இருந்து, கடைசில நர்சிங் சூப்பரின்டெண்டென்டா ரிடையர் ஆனவ நான். எனக்குத் தெரிஞ்சு எங்க பொண்ணுங்க ரொம்ப பயந்தது கேட்டைத் தாண்டிக் குதிச்சு வர்றவனைப் பாத்து இல்ல, கழுத்துல ஐடி கார்டு போட்டுக்கிட்டு வர்ற ஆளைப் பாத்துதான், அவரைப் பாத்தா செக்யூரிட்டியே எழுந்து நின்னு குட்மார்னிங் சொல்லுவாரு. சிசிடிவி எங்க இருக்கு எங்க இல்லன்னு அந்த ஆளுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும்.

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அடுத்தவங்க மேல மட்டும் பழி போட்டு எழுதறதுன்னா என்னைக்கோ எழுதியிருப்பேன், இதுல என் பங்கும் இருக்கு, அதான் தயக்கம்.

நான் வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரில (பேரும் வேணாம் ஊரும் வேணாம்) ஒரு சர்ஜன் இருந்தாரு. கைராசிக்காரர்னு பேஷண்டுங்க அவரைத் தேடி வருவாங்க, அவர் ஓபி இருக்குற அன்னிக்கு டோக்கன் காலைலயே தீந்துடும், மேனேஜ்மென்ட்ல அவர் வச்சதுதான் சட்டம். அந்தக் கையைப் பத்தி எங்க ஸ்டாஃப் ரூம்ல வேற கதை ஓடிட்டு இருந்தது.

புதுசா ஒரு பொண்ணு ஜாயின் பண்ணா முதல் வாரம் ஓரியன்டேஷன் குடுப்போம். தீ பிடிச்சா எந்தப் பக்கம் பேஷண்டை நகத்தணும், ஊசி குத்திக்கிட்டா யார்கிட்ட சொல்லணும், எந்தக் கலர் பக்கெட்ல எந்தக் குப்பையைப் போடணும்னு எல்லாம் பேப்பர்ல இருக்கும், படிச்சேன் புரிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்குவோம். பேப்பர்ல இல்லாத ஒரு பாடம் டிரஸ் மாத்துற ரூம்ல நடக்கும். சீனியர் ஸ்டாஃப் ஒருத்தங்க அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, "அவர் ரவுண்ட்ஸ் வந்தா நீ மட்டும் கூடப் போகாத, கேஸ் ஷீட் கேட்டா டேபிள் மேல வச்சுட்டு நகந்துடு, கையில குடுக்காத, ராத்திரி டியூட்டி ரூமுக்கு எதையாவது கொண்டு வரச் சொன்னா அட்டெண்டர்கிட்ட குடுத்து அனுப்பு"ன்னு மெதுவா சொல்லிக் குடுப்பாங்க. எனக்கும் ஒருத்தங்க சொன்னாங்க, நானும் எத்தனையோ பேருக்கு சொல்லியிருக்கேன். சொல்லிட்டு என் கடமை முடிஞ்சதுன்னு போயிட்டே இருப்பேன். யோசிச்சுப் பாருங்க, ஜாயின் பண்ணி மூணே நாள் ஆன பொண்ணுக்குத் தெரியுது, ஆயாம்மாவுக்குத் தெரியுது, லிஃப்ட் ஆப்பரேட்டருக்குத் தெரியுது, புகார் எதுவும் வரலையேன்னு சொல்ற மேனேஜ்மென்ட்டுக்கு மட்டும் தெரியாதாம்.

அப்பறம் நான் இன்சார்ஜ் ஆனேன், டியூட்டி ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்டுன்னு பட்டியல், போடற வேலை எங்கிட்ட வந்தது. பென்சில்ல போட்டு, அழிச்சு, மாத்தி, அப்பறம் பேனால எழுதி போர்டுல ஒட்டுவேன். அதுல எனக்கு மட்டும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு உண்டு. ராத்திரி கூப்பிட்டா வர வேண்டிய டியூட்டில அவர் இருக்குற அன்னிக்கு சின்னப் பொண்ணுங்க பேரு வராது. கொஞ்சம் வயசான, பட்டுனு திருப்பிக் கேக்கற ஸ்டாஃபா பாத்துப் போடுவேன், அவங்களுக்கு நைட் ஜாஸ்தியாப் போகுதுன்னு சண்டைக்கு வருவாங்க, நான் ஏதோ சமாதானம் சொல்லுவேன். இப்படிப் பண்ணுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. 9 வருஷம் பண்ணேன். என் புள்ளைங்களை நான் காப்பாத்திட்டு இருக்கேன்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

அந்தப் பொண்ணுக்கு அப்ப 23 வயசு. ஆபரேஷன் தியேட்டர்ல போஸ்டிங் வேணும்னு கேட்டு வாங்கினவ, இன்ஸ்ட்ருமென்ட் பேரெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா, கத்திரியை நீட்டினா சர்ஜன் கையில சத்தம் வராம போய் உக்காரும். ஒரு நாள் கேஸ் முடிஞ்சு என் ரூம் வாசல்ல வந்து நின்னா. வெளியாளுங்களுக்குப் புரியறதுக்காக கொஞ்சம் விளக்கமா சொல்றேன். சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் குடுக்குற ஸ்க்ரப் நர்ஸ் கையைக் கழுவிட்டு கவுன் மாட்டினதும் அதோட கயிறைப் பின்னாடி இருந்து இன்னொருத்தர்தான் கட்டி விடணும், அது ஸ்க்ரப் பண்ணாம சுத்தி நின்னு உதவி பண்ற சர்க்குலேட்டிங் நர்ஸோட வேலை. க்ளவுஸ் போட்ட கையை முன்னாடியே, இடுப்புக்கு மேல, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி வச்சிருக்கணும், கீழ தொங்க விடக் கூடாது, முதுகுப் பக்கம் கொண்டு போகவே கூடாது, போனா ஸ்டெரிலிட்டி (கிருமி படாத சுத்தம்) போச்சு, எல்லாத்தையும் கழட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அன்னிக்கு அவர் இன்னும் ஸ்க்ரப் பண்ணாம நின்னுட்டு இருந்திருக்காரு, "தள்ளும்மா, நான் கட்டறேன்"னு சர்க்குலேட்டிங் நர்ஸை நகத்திட்டு இவ பின்னாடி வந்திருக்காரு. ஒரு முடிச்சு போட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கை அதுக்கு மேலயும் அங்கயே இருந்திருக்கு, எங்கன்னு அவ சொன்னா, நான் இங்க எழுதல. டேபிள்ல பேஷண்ட் மயக்கத்துல. மானிட்டர் சத்தம் கேட்டுட்டே இருக்கு. ரூம்ல இன்னும் நாலு பேரு.

"என் கை முன்னாடியே இருந்துச்சு மேடம், எடுக்க முடியல"ன்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தை இன்னிக்கும் என் காதுல இருக்கு.

நான் என்ன பண்ணேன்னா, அவளை உக்கார வச்சேன், தண்ணி குடுத்தேன், கதவைச் சாத்தினேன். அதோட நல்லது முடிஞ்சது. "எழுதிக் குடுத்தா உன் பேருதான் கெடும்மா, அடுத்த வாரத்துல இருந்து உன்னை குழந்தைங்க வார்டுக்குப் போட்டுடறேன், நீ எதுவும் மனசுல வச்சுக்காத"ன்னு சொன்னேன். ஏதோ பெரிய உபகாரம் பண்ற மாதிரிதான் சொன்னேன். அவ என்னைப் பாத்து "நான் என்ன மேடம் தப்பு பண்ணேன், என்னை எதுக்கு மாத்தறீங்க?"ன்னு கேட்டா. எனக்குக் கோவம் வந்துச்சு, உண்மையைச் சொல்றேன், இவ்வளவு பண்றேன் இவ நன்றி இல்லாம பேசறாளேன்னு தோணுச்சு. ரெண்டு மாசத்துல வேலையை விட்டுட்டா. ராஜினாமா லெட்டர்ல காரணம்னு போட்ட இடத்துல சொந்தக் காரணம்னு எழுதியிருந்தா, அதை வாங்கி ஃபைல் பண்ணதும் நான்தான். அவர் அடுத்த திங்கக்கிழமையும் அதே தியேட்டர்ல அதே நேரத்துக்கு கேஸ் ஆரம்பிச்சாரு.

அவ கேட்ட கேள்விக்கு பதில் சட்டத்துலயே இருக்குன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தியால 1997ல வேலை இடத்து பாலியல் தொல்லை பத்தி சுப்ரீம் கோர்ட் விசாகா தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கப்பறம் 16 வருஷம் கழிச்சு 2013ல வேலை இடத்து பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் வந்துச்சு, ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம்னு பேரு சொல்லியே அதுல சேத்திருக்காங்க. பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை பாக்குற எல்லா இடத்துலயும் உள் புகார் குழு இருக்கணும், தலைமை ஒரு சீனியர் பெண், குறைஞ்சது பாதி பேர் பெண்கள், வெளியில இருந்து ஒருத்தர், மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும், காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம், 90 நாள்ல விசாரணையை முடிக்கணும்... இதெல்லாம் போர்டுலயே ஒட்டியிருப்பாங்க. போர்டுல ஒட்டாதது 12ஆவது பிரிவு. விசாரணை நடக்கும்போது அந்தப் பொண்ணு எழுத்துல கேட்டுக்கிட்டா அவளை வேற இடத்துக்கு மாத்தலாம், இல்லன்னா அந்த ஆளை மாத்தலாம், அவளுக்கு மூணு மாசம் வரை லீவு குடுக்கலாம்னு அதுல இருக்கு. அவ கேட்டாத்தான் அவளை மாத்தணும். அந்த ஆள் அவளோட கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட்டை (அவ வேலை எப்படின்னு மேலிடத்துக்குக் குடுக்குற அறிக்கை) எழுதறதையும் நிறுத்தி வைக்கலாம்னு விதில தனியா சொல்லியிருக்கு. எத்தனை ஆஸ்பத்திரில புகார் குடுத்த பொண்ணைக் கூப்பிட்டு "நீ போறியா, அவரை அனுப்பவா, உனக்கு எது வேணும்"னு கேட்டிருப்பாங்க? நான் கேக்கல. கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல.

இன்னொண்ணு, கான்ட்ராக்ட்ல வர்ற ஹவுஸ்கீப்பிங் அம்மா, அப்ரெண்டிஸ், டிரெய்னிங் பொண்ணு, தினக்கூலி, எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு. அவங்க கான்ட்ராக்டர் ஆளு, எங்க ஸ்டாஃப் இல்லன்னு எச்ஆர்ல சொன்னா நம்பாதீங்க.

அவளை மாத்தறது, அவளுக்கு புத்தி சொல்றது, இது ஏதோ என் ஒருத்தியோட புத்தின்னும் நினைக்காதீங்க. 1973ல மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரில அருணா ஷான்பாக்னு ஒரு நர்ஸை அதே ஆஸ்பத்திரில வேலை பாத்த ஆள் டிரஸ் மாத்தப் போன இடத்துல நாய்ச் சங்கிலியால கழுத்தை இறுக்கி நாசம் பண்ணான். 2015 மே மாசம் சாகற வரைக்கும் 41 வருஷத்துக்கு மேல அவங்க சுயநினைவு திரும்பாம அதே ஆஸ்பத்திரி கட்டில்லயே கிடந்தாங்க, படுக்கைப்புண் வராம பாத்துக்கிட்டது தலைமுறை தலைமுறையா அங்க வேலைக்கு வந்த நர்ஸுங்க. அவனுக்கு தாக்குனது, கொள்ளையடிச்சதுன்னு 7 வருஷம் தண்டனை, பாலியல் குற்றத்துக்கு கேஸே போடல. நான் டிரெய்னிங்ல இருந்தப்ப இந்தக் கதையை எங்களுக்கு சொன்னாங்க. எதுக்குன்னு நினைக்கறீங்க? "தனியா டிரஸ் மாத்தப் போகாதீங்க"ன்னு சொல்றதுக்கு.

அப்பறம் 2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்ஜி கர் ஆஸ்பத்திரி. 36 மணி நேர டியூட்டில இருந்த ஒரு டிரெய்னி டாக்டர் கொஞ்சம் தலை சாய்க்க செமினார் ஹாலுக்குப் போனாங்க, படுக்க உருப்படியா வேற இடம் இல்ல, காலைல பலாத்காரம் பண்ணிக் கொன்ன பிணமாத்தான் பாத்தாங்க. நாடே கொதிச்சுது. ஒரு வாரம் கழிச்சு மாநில அரசு பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு போட்டுச்சு, அதுல ஒரு வரி, முடிஞ்ச வரைக்கும் பெண்களுக்கு நைட் டியூட்டி போடாம பாத்துக்கங்கன்னு. படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, நான் பென்சில்ல போட்ட அதே ரோஸ்டர், இப்ப அரசாங்க முத்திரையோட வந்திருக்கு. சுப்ரீம் கோர்ட் செப்டம்பர்ல இதைப் பிடிச்சுக்கிட்டு, பாதுகாப்பு குடுக்கறதுதானே உங்க வேலை, ராத்திரி வேலை பாக்காதன்னு பொம்பளைங்க கிட்ட எப்படி சொல்வீங்கன்னு கேட்டப்பறம்தான் அந்த வரியை எடுத்துடறோம்னு சொன்னாங்க. நல்ல எண்ணத்துல செஞ்சதுதான், நானும்தான் நல்ல எண்ணத்துல செஞ்சேன்.

இது நம்ம பக்கம் மட்டும்தான்னு சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. பிரிட்டன்ல சர்ஜரி பக்கம் வேலை பாக்குறவங்க கிட்ட எடுத்த ஒரு ஆய்வு 2023 செப்டம்பர்ல வெளிவந்துச்சு, பதில் சொன்ன பெண்கள்ல 63 சதவீதம் பேர் அஞ்சு வருஷத்துக்குள்ள கூட வேலை பாக்குறவங்களால பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்காங்க, 30 சதவீதம் பேர் மேல கையே வச்சிருக்காங்க. ஆம்பளைங்கள்லயும் 24 சதவீதம் பேர் தொல்லையைச் சொல்லியிருந்தாங்க. பாதிக்கப்பட்ட பசங்களும் இருக்காங்கன்றதை நாம பேசறதே இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆண் நர்ஸ் இருந்தான், அவன் சொன்னதைக் கேட்டு ஸ்டாஃப் ரூமே சிரிச்சுது, அவனும் சேந்து சிரிச்சான், வேற என்ன பண்ணுவான். இந்தியச் சட்டத்துல புகார் குடுக்க முடியறது பெண்களால மட்டும்தான், அது ஒரு ஓட்டை. 2019ல உலகத் தொழிலாளர் அமைப்பு போட்ட 190ஆவது உடன்படிக்கைல ஆண் பெண் யாரா இருந்தாலும், பயிற்சில இருக்கறவங்க, வாலன்டியர் உட்பட, எல்லாருக்கும் பாதுகாப்பு உண்டு.

அமெரிக்காவோட தேசிய அகாடமிகள் 2018ல ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க, அறிவியல், இன்ஜினியரிங், மருத்துவம் மூணுலயும் பாத்துட்டு. தொல்லை எங்க ஜாஸ்தி நடக்கும்னு முன்கூட்டியே சொல்லணும்னா எதை வச்சு சொல்லலாம்னு தேடிப் பாத்ததுல முதல்ல நின்னது அந்த இடத்தோட சூழ்நிலைதான். அதாவது இங்க இதெல்லாம் கண்டுக்க மாட்டாங்க, புகார் சொன்னா எனக்குத்தான் ஆபத்து, அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அங்க வேலை பாக்குறவங்க நினைச்சா அங்க நடக்கும். எங்க ஓரியன்டேஷன்ல நாங்க சொல்லிக் குடுத்தது என்ன? அதேதான். ஒவ்வொரு புதுப் பொண்ணுக்கும் முதல் வாரமே, இங்க இப்படித்தான் நீ ஒதுங்கிக்கோன்னு. எச்சரிக்கைன்னு நினைச்சு சொன்னது, அந்த ஆளுக்கு லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆயிடுச்சு.

சரி என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேப்பீங்க. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம், ஊசி குத்தினா என்ன பண்றோமோ அதைப் பண்ணுங்கன்னு சொல்றேன். நான் வேலைக்கு சேந்த காலத்துல கையில ஊசி குத்திக்கிட்டா வெளில சொல்ல மாட்டோம், கவனமில்லாதவன்னு திட்டு விழும், பிளாஸ்திரி ஒட்டிட்டு வேலையைப் பாப்போம். எச்ஐவி பயம் வந்தப்பறம்தான் எல்லாம் மாறுச்சு. இப்ப குத்தின உடனே போய் சொல்லணும், யாரும் திட்டக் கூடாது, ரெஜிஸ்டர்ல தேதி, நேரம், எந்த இடம், எந்த வேலைல இருந்தப்ப நடந்ததுன்னு எழுதணும், மருந்து ஃப்ரீ, ரத்தப் பரிசோதனை ஃப்ரீ, மாசக் கணக்குல ஃபாலோ அப், கடைசில கமிட்டி உக்காந்து இந்த வார்டுல மட்டும் ஏன் இத்தனைன்னு கேக்கும். ஒரே வார்டுல மூணு தடவை நடந்தா அந்த வார்டுல என்ன கோளாறுன்னு பாப்பாங்களே தவிர, மூணு நர்ஸையும் வேற வார்டுக்கு மாத்திட்டு ஊசியை அங்கயே விட்டுட்டு வர மாட்டாங்க.

அப்படி ஒரு ரெஜிஸ்டர் இதுக்கும் இருந்திருந்தா, எங்க ஸ்டாஃப் ரூம்ல 9 வருஷமா ஓடின கதை ஒரே பேர்ல எத்தனை தடவை எழுத்துல வந்திருக்கும். பேர் சொல்லாமலும் குடுக்கலாம்னு வைக்கணும். மொட்டைக் கடுதாசியை வச்சு யாரையும் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது, ஆனா ஒரே யூனிட்ல இருந்து அஞ்சு வந்தா, போய்ப் பாருங்கடான்னு அதுவே சொல்லுது இல்லையா. ஒரு வருஷத்துல எத்தனை பேர் வேலையை விட்டாங்க, எந்த யூனிட்ல இருந்து, சொந்தக் காரணம்னு எழுதினவங்க எத்தனை பேருன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். அந்த ஃபைலெல்லாம் எங்கிட்டதான் இருந்துச்சு, ஒரு நாளும் அப்படிப் புரட்டிப் பாக்கல.

முதல்ல யார்கிட்ட போய் சொல்றாங்களோ அவங்கதான் முக்கியம், நேரா கமிட்டிக்குப் போறவங்க ரொம்பக் கம்மி. முதல்ல பக்கத்துல டியூட்டி பாக்குற ஃப்ரெண்டு கிட்ட, அப்பறம் இன்சார்ஜ் கிட்ட, அங்க என்ன பதில் வருதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பாங்க, நிறைய பேர் அங்கயே நின்னுடுவாங்க. அதனால இன்சார்ஜ் ஆகற ஒவ்வொருத்தருக்கும் இதை சொல்லிக் குடுக்கணும். நீ ஏன் அங்க போனேன்னு கேக்காதீங்க. இதை ரகசியமாவே வச்சுக்கறேன்னு சத்தியமும் பண்ணாதீங்க, ஏன்னா மத்தவங்களுக்கும் ஆபத்துன்னா நீங்க மேல சொல்ல வேண்டி வரும், அப்ப ரெண்டாவது தடவையும் ஏமாந்துட்டேன்னு அவ நினைப்பா, யாருக்கு சொல்லணும், எதுக்கு சொல்லணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. அவ சொன்னதை அவ வார்த்தைலயே, தேதி நேரம் போட்டு, அன்னிக்கே எழுதி வைங்க. அடுத்த டியூட்டி எப்ப, அதுல அந்த ஆள் இருக்காரா, வீட்டுக்கு எப்படிப் போவான்னு கேளுங்க. அவளுக்கு என்ன வேணும்னு கேளுங்க. நான் அன்னிக்கு கேக்காதது இதெல்லாம்தான், அனுபவத்துல சொல்றேன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

பலாத்காரம் வரைக்கும் போயிருந்தா ஒரு சிக்கல் இருக்கு, வெளில இருக்கறவங்களுக்குத் தோணாது. சாதாரணமா பாதிக்கப்பட்டவங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க, இவளுக்கு ஆஸ்பத்திரிதான் வேலை இடம். பரிசோதனை பண்ற டாக்டர் நேத்து வரைக்கும் கூட டீ குடிச்சவங்க, லேப்ல சாம்பிள் வாங்கறவன் தெரிஞ்ச பையன், கேஸ் ஷீட் கம்ப்யூட்டர்ல ஏறினா பாஸ்வேர்ட் வச்சிருக்குற எல்லாரும் திறந்து படிக்கலாம், படிப்பாங்க, ஆர்வத்துல படிப்பாங்க. அதனால வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பற ஏற்பாடு முன்னாடியே பேசி வச்சிருக்கணும், இங்கயே பாக்கணும்னு அவ சொன்னா அந்த ரெக்கார்டை பூட்டணும், யார் திறந்தாங்கன்னு பாக்கணும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது, கர்ப்பத் தடை மாத்திரையும் அதே மாதிரிதான். துணியைத் துவைக்காம பேப்பர் கவர்ல வைக்கணும், பிளாஸ்டிக்ல வச்சா ஈரத்துல சாட்சியம் கெட்டுப் போகும். ஊர்ல யாருக்கோ நடந்தா இதையெல்லாம் மனப்பாடமா செய்யறோம், நம்ம ஸ்டாஃபுக்கு நடந்தா கை ஓட மாட்டேங்குது.

பேஷண்டுங்க பக்கமும் இருக்கு, அதை விடக் கூடாது. 2023ல பிரிட்டனோட அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் ஊழியர் சர்வேல முதல் தடவையா இதைப் பத்திக் கேட்டாங்க, பேஷண்ட், அவங்க சொந்தக்காரங்க, விசிட்டர் மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து அந்த வருஷம் தொல்லை வந்துச்சுன்னு ஏறக்குறைய 12ல ஒருத்தர் சொன்னாங்க, கூட வேலை பாக்குறவங்ககிட்ட இருந்து 26ல ஒருத்தர். ஊசி போடும்போது, பெட்பேன் வைக்கும்போது, உடம்பு துடைக்கும்போது சில பேர் பண்றதையும் பேசறதையும் "நோயாளிம்மா, பொறுத்துக்கோ"ன்னே சொல்லி பழக்கிட்டோம். மறதி நோய், மூளைல அடிபட்டவங்க வேற விஷயம், அவங்க தெரிஞ்சு பண்றது இல்ல, அவங்க மேல கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, ஆனா அதுக்காக அந்த நர்ஸுக்கு உடம்பு கூசாம இருக்குமா? ரெண்டு பேரா போகணும், கேஸ் ஷீட்ல எழுதணும், அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர்ல சொல்லணும். தெரிஞ்சே பண்றவங்ககிட்ட டாக்டரும் இன்சார்ஜும் சேந்து போய் நேர்ல சொல்லணும், இப்படிப் பண்ணக் கூடாதுன்னு. சீஃப் டாக்டர் வாயால ஒரு தடவை சொன்னாப் போதும், நாங்க நூறு தடவை சொன்னதுக்கு சமம்.

பொய்ப் புகார் வராதான்னு கண்டிப்பா யாராவது கேப்பாங்க. விசாரிக்கறதே அதுக்குத்தானே. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் புகாரோட காப்பி குடுக்கணும், அவர் சாட்சியைக் கேக்கணும், நிரூபிக்க முடியலன்னா அதை மட்டும் வச்சு புகார் பொய்னு எடுத்துக்கக் கூடாதுன்னும் சட்டம் சொல்லுது. விசாரணை முடியற வரைக்கும் அவரை வேற யூனிட்டுக்கு அனுப்பறது தண்டனை இல்ல, சம்பளம் வந்துட்டே இருக்கும், பேரை வெளியிட மாட்டாங்க. ஆனா அவளை அனுப்பறப்ப மட்டும் அது தண்டனையான்னு யாரும் கேட்டதே இல்ல. தியேட்டர்ல ஒரு வருஷ அனுபவம் போச்சு, அவ எடுக்க இருந்த ஸ்பெஷாலிட்டி டிரெய்னிங் போச்சு, வார்டுல எல்லாரும் இவ ஏன் திடீர்னு இங்க வந்தான்னு கேப்பாங்க. அவர் போனா ஆஸ்பத்திரிக்கு வருமானம் போகும், அவ போனா இன்னொரு பொண்ணு இன்டர்வியூக்கு வருவா, இந்தக் கணக்குதான் எல்லாத்துக்கும் கீழ ஓடுது, நாசூக்கா எழுத எனக்கு வரல.

அந்த சர்ஜன் கடைசில என்ன ஆனாருன்னு சொல்லிடறேன். எங்க ஆஸ்பத்திரில இருந்து நல்ல சம்பளத்துக்கு இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. சந்தன மாலை போட்டு, போட்டோ எடுத்து, நடத்தை நல்லா இருந்துச்சுன்னு லெட்டர் குடுத்து அனுப்பி வச்சாங்க, அந்த பங்ஷன்ல நானும் முன் வரிசைல உக்காந்து கை தட்டினேன். அமெரிக்கால 1990ல இருந்து ஒரு தேசிய டேட்டா பேங்க் இருக்கு, டாக்டரை ஆஸ்பத்திரில சேக்கறதுக்கு முன்னாடி அதுல பாத்தே ஆகணும், எங்கயாவது உரிமையைப் பறிச்சிருந்தா, லைசென்ஸ்ல கை வச்சிருந்தா அதுல தெரியும். அதுலயும் எழுத்துல வந்தாத்தான் ஏறும். டிரஸ் மாத்துற ரூம்ல மெதுவா சொன்னது எந்த டேட்டா பேங்க்லயும் ஏறாது. அந்த இன்னொரு ஆஸ்பத்திரிலயும் இப்ப யாரோ ஒரு சீனியர் சிஸ்டர் புதுசா வந்த பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, கேஸ் ஷீட்டை டேபிள் மேல வச்சுட்டு நகந்துடுன்னு சொல்லிட்டு இருப்பாங்க. ரோஸ்டர்ல பென்சிலால அழிச்சுட்டும் இருப்பாங்க. அந்த சிஸ்டருக்காகத்தான் இந்த லெட்டர். அழிக்காதீங்க, அதையே தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, யாரை எதுக்காக அங்க போடலன்னு. ரெண்டு மாசத்துல அந்த நோட்டே சாட்சியா நிக்கும், கமிட்டிக்கு அதை எடுத்துட்டுப் போங்க, கூட இன்னும் ரெண்டு சிஸ்டரைக் கூட்டிட்டுப் போங்க.

போன வருஷம் அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணேன், நம்பர் தேடிப் பிடிச்சு. வேற வேலைல இருக்கா, நர்சிங் விட்டாச்சு. தப்பு என்னுதுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு மேடம்"னு கேட்டா. அவ்வளவுதான் பேசினோம்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போட்டா என் பேரைப் போடாதீங்க. எனக்காக இல்ல, என் பேரு தெரிஞ்சா எந்த ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சுடும், ஆஸ்பத்திரி தெரிஞ்சா அந்த வருஷம் தியேட்டர்ல இருந்து குழந்தைங்க வார்டுக்கு மாத்தின பொண்ணு யாருன்னு பழைய ஸ்டாஃப் நாலு பேராவது கண்டுபிடிச்சுடுவாங்க. அவகிட்ட ஒரு தடவை கேக்காம முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவை எழுதறதுக்கு முன்னாடி கேட்டேன். பேரு வேணாம், மத்ததை எழுதுங்கன்னு சொன்னா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஒருத்தி